ஹெச் யார் என்று தெரிந்ததும் ஏன் அத்தனை பேருக்கும் சப்பென்று ஆனது?

"லைன் ஆஃப் டியூட்டி ஆறு சீசனையும் இரண்டே வாரத்தில் பார்த்து முடித்தேன். ஹெச் யார் என்று தெரிந்தபோது, இவனுக்காகவா இத்தனை அலைச்சல் என்று ஆகிவிட்டது. ஊரே கொண்டாடிய தொடர் ஏன் இப்படி முடிந்தது? அந்த ஆளை முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா? வாரா வாரம் பார்த்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

லைன் ஆஃப் டியூட்டி பிபிசியின் போலீஸ் தொடர், ஹெச் என்பது போலீஸுக்குள்ளேயே இருந்துகொண்டு குற்றக் கும்பலுக்கு வேலை பார்க்கும் மர்ம ஆள். கடைசி எபிசோடு வரைக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

கண்டுபிடித்திருக்க முடியும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மூன்றாவது வாரமே அந்தப் பெயரைச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து அவரைக் கலாய்த்தோம், அதில் முன்வரிசையில் நின்றவன் நான். அவர் சொன்னது சரி என்று தெரிந்த பிறகும் யாருக்கும் அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. எல்லோருக்கும் தொடர் மேல்தான் கோபம் வந்தது. ஏன் என்று சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில் நீங்கள் பார்த்ததற்கும் நாங்கள் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம். உங்களுக்கு இது இரண்டு வாரக் கதை. எங்களுக்கு ஒன்பது வருடம். 2012இல் பிபிசி டூவில் ஐந்து எபிசோடுகளாக அடக்கமாக ஆரம்பித்தது, 2014, 2016 என்று இடைவெளி விட்டு விட்டு வந்து, 2017இல் நான்காவது சீசனில்தான் பிபிசி ஒன்னுக்கு மாறியது. ஐந்தாவது 2019இல். ஆறாவது சீசனின் படப்பிடிப்பு 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றுபோய், அந்த வருடம் செப்டம்பரில்தான் மறுபடி தொடங்கியது. அது ஒளிபரப்பானது 2021 மார்ச் 21 முதல் மே 2 வரை, ஞாயிறுதோறும் இரவு 9 மணிக்கு. அப்போது இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து டிவி பார்க்கச் சட்டப்படி அனுமதியே கிடையாது, மே 17க்குப் பிறகுதான் அது தளர்ந்தது. ஆக நாடு முழுக்க ஆட்கள் அவரவர் வீட்டில் அடைந்துகிடந்து, ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பார்த்து, போனில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்குள் இருநூறு மெசேஜ். திங்கள் காலை அலுவலக ஜூம் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் இதுதான். கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் 1 கோடியே 28 லட்சம் பேர். நெடுந்தொடர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், இப்போதைய முறையில் கணக்கெடுக்கத் தொடங்கிய 2002க்குப் பிறகு பிரிட்டனில் எந்த நாடக எபிசோடுக்கும் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

அவ்வளவு பேர் வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. ஹெச் யார்?

பார்க்காமலே படித்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சுருக்கமாக. ஏசி-12 என்பது போலீஸைப் பிடிக்கும் போலீஸ் பிரிவு. தலைவர் டெட் ஹேஸ்டிங்ஸ், அவருக்குக் கீழே ஸ்டீவ் ஆர்னட், கேட் ஃப்ளெமிங். ஒவ்வொரு சீசனிலும் ஒரு பெரிய நடிகர் சந்தேகத்துக்குரிய அதிகாரியாக வந்து போவார். ஆனால் எல்லா சீசனுக்கும் அடியில் ஒரே குற்றக் கும்பல் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு போலீஸுக்குள்ளேயே ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருவன் ஏசி-12க்குள்ளேயே உட்கார்ந்திருந்த டாட் காட்டன். சின்ன வயதில் கோல்ஃப் மைதானத்தில் கும்பல் தலைவன் டாமி ஹண்டருக்கு மட்டை தூக்கியவன், அதனால் அவனுக்கு ‘கேடி’ என்று பெயர். மூன்றாவது சீசன் கடைசியில் கேட்டைக் காப்பாற்றக் குண்டை வாங்கிக்கொண்டு சாகிறான், சாகும்போது மரண வாக்குமூலம் தருகிறான். மேலே இருக்கும் ஆளின் பெயர் ஹெச் என்று அந்த வாக்குமூலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, ஹில்டனா, ஹேஸ்டிங்ஸா, ஹண்ட்லியா என்று ஏசி-12உம் தேடியது, நாங்களும் தேடினோம்.

ஐந்தாவது சீசன் முடிவில் ஒரு குட்டிக்கரணம் அடித்தார்கள். வாக்குமூல வீடியோவைத் திரும்பப் பார்க்கும்போது, டாட்டின் விரல் தட்டுவதைக் கவனிக்கிறார்கள். மோர்ஸ் குறியீட்டில் ஹெச் என்றால் நான்கு புள்ளி. அதாவது ஹெச் என்பது ஒருவருடைய பெயரின் முதலெழுத்தே இல்லை, நான்கு பேர் என்று அர்த்தம். டாட் ஒருவன், போலீஸ் உயரதிகாரி ஹில்டன் இன்னொருவர், வழக்கறிஞர் ஜில் பிகலோ மூன்றாவது. நான்காவது ஆள்தான் பாக்கி. எனக்கு அப்போது இது ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது யோசித்தால், குண்டடி பட்டு உயிர் போகிற நேரத்தில் மோர்ஸில் தட்டியதை நாங்கள் எப்படி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று. ‘நான்கு பேர்’ என்று தொடர் அப்போதே சொல்லிவிட்டது. தனி ஒரு ராஜா இல்லை, கும்பலுக்கு சேதி கொண்டுபோகும் தபால்காரர்கள் நான்கு பேர் என்று. நாங்கள் அதைக் காதில் வாங்காமல் நான்காவது ஆளுக்கே கிரீடம் வைத்து அவரை ராஜாவாக்கிக்கொண்டு தேடினோம்.

சரி, ஆறாவது சீசனில் வாரா வாரம் என்ன பேசினோம் என்று கேட்டீர்கள். அதுதான் எனக்குச் சொல்லப் பிடித்த இடம்.

குற்றத் தொடர் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். கதையைப் பார்க்காதே, சம்பளத்தைப் பார். பெயர் தெரிந்த நடிகர் ஒருவர் ஒன்றுமில்லாத வேடத்தில் இரண்டு வசனம் பேசிவிட்டுப் போனால், அவர் கடைசியில் திரும்பி வருவார், அவர்தான் கொலையாளி. இது நம்மூர் சினிமாவுக்கும் பொருந்தும், பின்னால் சும்மா காபி கொடுக்கும் மாமா நன்றாக நடிக்கத் தெரிந்தவர் என்றால் அவர்மேல் ஒரு கண் வைப்போம் இல்லையா. எழுதியவர் ஜெட் மெர்குரியோவுக்கு இந்த வழி எங்களைவிட நன்றாகத் தெரியும். ஐந்தாவது வாரம் மார்கஸ் தர்வெல் என்று ஒரு பழைய அதிகாரியின் போட்டோவைக் கணினியில் காட்டினார்கள். போட்டோவில் இருந்தது ஜேம்ஸ் நெஸ்பிட். பிரிட்டிஷ் டிவியில் தனித் தொடர்களையே தோளில் சுமந்த நடிகர். அவ்வளவுதான், எங்கள் குழு வெடித்தது. நெஸ்பிட்டை வெறும் போட்டோவுக்கா கூப்பிடுவார்கள், அடுத்த வாரம் விசாரணை அறையில் ஹேஸ்டிங்ஸும் நெஸ்பிட்டும் நேருக்கு நேர், இரண்டு வட அயர்லாந்துக்காரர்கள், ஒரு மணி நேரம் அனல் பறக்கும் என்று நானே நீளமாக எழுதினேன். ஸ்பெயினில் இருக்கும் அவர் வீட்டுக்கு போலீஸ் போனால், உள்ளே பிணம். ஒரு வசனம்கூட இல்லை. உண்மையிலேயே போட்டோவுக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்! இவ்வளவு துணிச்சலான ஏமாற்று வேலையை நான் டிவியில் வேறு எங்கும் பார்த்ததில்லை, இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும்.

அப்புறம் குளோயி பிஷப். ஏசி-12க்குப் புதிதாக வந்த, எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்த இளம் அதிகாரி. முதல் சீசனில் லெனி ஜேம்ஸ் நடித்த டோனி கேட்ஸுக்கு இரண்டு மகள்கள், ஒருத்தி பெயர் குளோயி என்று யாரோ பழைய எபிசோடிலிருந்து தோண்டி எடுத்தார்கள். வயதும் ஏறக்குறைய சரியாக வந்தது. அப்பாவைச் சாகவைத்த பிரிவைப் பழிவாங்க மகள் பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள் என்று ஒரு முழுக்கதை கிளம்பி, பாதி நாடு அதை நம்பியது. கடைசியில் பார்த்தால் குளோயி வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒரு நல்ல அதிகாரி, அவ்வளவுதான். அந்த ஊகம் எழுதியவருடைய கதையைவிட நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி முடித்திருந்தால் இது இன்னொரு பழிவாங்கும் கதை, இரண்டு வருடத்தில் மறந்திருப்போம்.

இந்த ஆரவாரத்தில்தான் அந்த நான்காவது ஆளான இயன் பக்கிள்ஸ் எங்கள் கண்ணிலிருந்து தப்பித்தார்.

பக்கிள்ஸ் முதல் சீசனிலேயே இருக்கிறார். இன்ஸ்பெக்டர், மந்தமானவர், மேலதிகாரி சொன்னதைச் செய்பவர். மறுபடி நான்காவது சீசனில் வரும்போது சீஃப் இன்ஸ்பெக்டர். ஆறாவது சீசனில் சூப்பரின்டெண்டென்ட், அந்த சீசனின் சந்தேகத்துக்குரிய அதிகாரி ஜோ டேவிட்சனுக்கே மேலதிகாரி. நடுவில் அவர் ஒரு வழக்கையாவது உருப்படியாக முடித்ததாகக் காட்டியிருக்கிறார்களா என்று திரும்பப் போய்ப் பாருங்கள். எதுவும் தெரியாத மனிதர் எப்படி ஏறிக்கொண்டே போகிறார் என்ற கேள்வியை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் என்றால் அதில் எங்களுக்கு ஆச்சரியமே வரவில்லை! நாம் வேலை பார்த்த ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒரு பக்கிள்ஸ் உண்டு. கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டார், திறந்தால் தப்பாகத்தான் சொல்லுவார், அடுத்த வருடம் பார்த்தால் உங்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பார். பழகிப்போன விஷயத்தைத் தடயமாக வைத்தது, இந்தத் தொடரின் ஆகச் சிறந்த தந்திரம் என்று நான் சொல்வேன்.

இன்னும் அப்பட்டமான தடயம் நான்காவது வாரம் வந்தது. பக்கிள்ஸ் கைதாகிச் சிறையில் இருக்கிறார். வாயைத் திறக்கக்கூடிய வக்கீல் ஜிம்மி லேக்வெல்லை, பக்கிள்ஸின் அறையிலேயே, பக்கிள்ஸின் கண்ணெதிரேயே கும்பல் ஆள் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். நாங்கள் எல்லோரும் அதை ‘பேசினால் உனக்கும் இதுதான்’ என்று பக்கிள்ஸுக்கு விடுத்த மிரட்டலாக மட்டும் படித்தோம், ஐயோ பாவம் என்றுகூட எழுதினோம். அவ்வளவு முக்கியமான சாட்சியைக் கொல்ல ஏன் அந்த அறை, ஏன் அந்த ஆளின் முன்னால், பார்த்தவனை ஏன் உயிரோடு விட்டார்கள் என்று எங்கள் குழுவில் கேட்டது ஒரே ஒருவர். அவர்தான் நான் முதலில் சொன்ன ஆள். ஒன்று அவர் மிரட்டத் தகுந்த அளவுக்கு எதையோ அறிந்தவர், அல்லது அவர்களில் ஒருவர், இரண்டில் எது என்றாலும் அவர் கோமாளி இல்லை என்று எழுதினார். ‘நெஸ்பிட் வரட்டும் இரு’ என்று நான் பதில் போட்டேன். அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை எடுத்து எனக்கே அனுப்பி வைப்பார்.

எழுத்துப்பிழை விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். கும்பலுக்குக் கணினியில் சேதி அனுப்பும்போது ‘டெஃபினட்லி’ என்ற சொல்லில் ஒரு எழுத்தை எப்போதும் தப்பாகப் போடும் ஒரு மர்ம ஆள். ஐந்தாவது சீசனில் ஹேஸ்டிங்ஸே அந்த ஆளைப்போல நடித்து எழுதும்போது அதே பிழையோடு எழுதியதால் அவர்தான் ஹெச் என்று இரண்டு வருடம் சத்தியம் செய்தார்கள். ஆறாவது சீசனில் பழைய ஆவணங்களைத் துழாவி அதே பிழையைப் பிடித்துத்தான் பக்கிள்ஸிடம் போய்ச் சேர்கிறார்கள். இத்தனை கொலை, கடத்தல், கள்ளத் துப்பாக்கிப் பட்டறை எல்லாம் தாண்டி, மாட்டிக்கொண்டது ஸ்பெல்லிங்கில். வாத்தியார் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் இனிக்கலாம், எனக்கு இது கொஞ்சம் மெலிந்த தடயமாகத்தான் பட்டது. அந்தச் சொல்லை அதே மாதிரி தப்பாக எழுதும் ஆட்கள் எங்கள் அலுவலகத்திலேயே நான்கு பேர் தேறுவார்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. நேரம் கிடைத்தால் முதல் சீசன் முதல் எபிசோடின் தொடக்கத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். பயங்கரவாதி என்று நினைத்து ஆயுதப் பிரிவு ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. வீடு தப்பு. உள்ளே இருந்த கரீம் அலி என்ற அப்பாவி சுடப்பட்டுச் செத்துப்போகிறார். மேலதிகாரி பிலிப் ஆஸ்போர்ன் எல்லோரையும் உட்காரவைத்து வாக்குமூலத்தை எப்படி ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று பாடம் நடத்துகிறார். ஸ்டீவ் மட்டும் முடியாது என்கிறான், அதனால்தான் அவன் ஏசி-12க்கு வந்து சேர்கிறான். ஒன்பது வருடம் கழித்து, ஆறாவது சீசனில், அதே ஆஸ்போர்ன் அந்தப் படையின் தலைமை அதிகாரி. டிவி கேமரா முன்னால் நின்று போலீஸில் ஊழலே இல்லை என்கிறார். கடைசி எபிசோடு முடியும்போதும் அவர் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார், யாரும் அவரைத் தொடவில்லை.

அந்த முதல் காட்சியைப் பார்த்தவுடன் இங்கே யாருக்கும் ழான் சார்லஸ் டி மெனேஸிஸ் நினைவுக்கு வராமல் இருக்காது. 2005 ஜூலை 22, லண்டன் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையம். குண்டு வைக்க முயன்றவன் என்று தப்பாக நினைத்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரேசில்காரரை ரயிலுக்குள் வைத்தே போலீஸ் சுட்டுக் கொன்றது. தனி அதிகாரி எவர் மேலும் வழக்கு நடக்கவில்லை. 2007இல் லண்டன் போலீஸ் ஒரு நிறுவனம் என்ற முறையில், எந்தச் சட்டத்தில் குற்றவாளி ஆனது தெரியுமா, பணியிடச் சுகாதார பாதுகாப்புச் சட்டத்தில். அபராதம் 1,75,000 பவுண்டு. வழுக்கும் தரையைத் துடைக்காமல் விட்ட தொழிற்சாலைக்குப் போடுவார்களே, அதே சட்டம்.

மெர்குரியோ எழுத வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர். 1994இல் அவர் எழுதிய முதல் தொடரே மருத்துவமனைக்குள் இளம் டாக்டர்கள் படும் பாடும், மேலே இருப்பவர்கள் தவறுகளை எப்படி மறைக்கிறார்கள் என்பதும்தான். ஆக அவருக்கு ஆரம்பத்திலிருந்து ஒரே ஆர்வம். ஒரு கெட்டவன் எப்படிக் கெட்டது செய்கிறான் என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. அது நடந்த பிறகு நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்கிற பத்து பேர் எப்படிக் குனிந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார். டோனி கேட்ஸ் வழக்கு எதிலிருந்து ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? ஓட்டலில் வாங்கிய ஓசி காலைச் சாப்பாடு. அங்கிருந்து கொலை வரைக்கும் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ‘இதைப் பெரிதாக்க வேண்டாமே’ என்று சொல்கிறார். அந்தப் பாதையில் போனால் கடைசியில் கிடைக்கக்கூடிய ஆள் பக்கிள்ஸ்தான். மூளைக்காரன் ஒருவன் மேலே உட்கார்ந்து கயிறு ஆட்டிக்கொண்டிருந்தான் என்று முடித்திருந்தால், அவனைப் பிடித்ததும் போலீஸ் சுத்தமாகிவிட்டது என்று ஆகிவிடும். அந்த ஆறுதலை அவர் தர மறுத்தார்.

ஆறாவது சீசனில் லாரன்ஸ் கிறிஸ்டஃபர் என்ற கறுப்பின இளைஞரின் கொலை பின்னணியில் வரும், விசாரித்தது தர்வெல், கூட இருந்தது பக்கிள்ஸ். அது 1993இல் தெற்கு லண்டனில் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸை நினைவூட்டுவது என்று சொல்லத் தேவையில்லை. அந்த நிஜ வழக்கில் முதல் தண்டனை கிடைக்க 2012 ஜனவரி வரை ஆனது. அதைவிட எனக்கு அதிகம் உறைத்தது வேறொன்று. தொடர் முடிந்து ஆறே வாரத்தில், 2021 ஜூன் 15 அன்று, டேனியல் மார்கன் வழக்கைப் பற்றிய சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளியானது. தனியார் துப்பறிவாளரான மார்கன் 1987 மார்ச்சில் லண்டன் சிடன்ஹாமில் ஒரு பப்பின் கார் நிறுத்துமிடத்தில் கோடாரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். பல முறை விசாரித்தும் இதுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. லண்டன் போலீஸ் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டதை அந்தக் குழு ஒருவகை ‘நிறுவன ஊழல்’ என்றே எழுதியது. அன்றைக்குச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் ஒரு தோழி ‘பக்கிள்ஸ் சீசன் ஏழு வந்தாச்சு’ என்று ஒரு வரி போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

இதெல்லாம் சரி, அப்போது ஏமாந்தவர்கள் எல்லோரும் முட்டாள்களா? இல்லை, கோபப்பட்டவர்கள் பக்கத்திலும் பாதி நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ‘ராஜா இல்லை’ என்பதுதான் கதை என்றால், ராஜாவைத் தேடு தேடு என்று வாரா வாரம் எங்களை உசுப்பேற்றியது யார்? நான்காவது வாரம் ஜோவின் டிஎன்ஏ யாருடையதோடு ஒத்துப்போகிறது என்ற தாளை ஹேஸ்டிங்ஸ் பார்க்கிறார், ஸ்டீவ் பார்க்கிறான், பார்வையாளர்களுக்கு மட்டும் பெயரைச் சொல்லாமல் எபிசோடை முடிக்கிறார்கள். இது திருட்டாட்டம். பாத்திரங்களுக்குத் தெரியாததை எனக்கும் சொல்லாமல் வை, அது துப்பறியும் கதை. அவர்களுக்குத் தெரிந்ததை எனக்கு மட்டும் மறைத்தால் அது சீட்டுக்கட்டை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆடுவது. ஐந்தாவது வாரம் கேட்டும், போலீஸுக்குள் நுழைந்திருந்த கும்பல் ஆள் ரையனும் துப்பாக்கி நீட்டிக்கொண்டு நிற்க, திரை இருண்டு வெடிச்சத்தம் மட்டும் கேட்டதே, அதுகூடப் பரவாயில்லை, பழைய வித்தை, ஒரு வாரம் தூக்கம் போனது, மன்னித்துவிடலாம்.

கடைசி எபிசோடிலும் இதையே செய்தார்கள். கைதியை வண்டியிலிருந்து இறக்கி, கால், முதுகு, கதவு என்று காட்டிக்கொண்டே வந்து, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்த பிறகுதான் முகம். அவ்வளவு மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்துவந்தால் யாராக இருந்தாலும் சின்னதாகத்தான் தெரிவார்கள். அதே பக்கிள்ஸை மேளம் இல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போல, சாதாரணமாகக் காட்டியிருந்தால் வயிற்றில் கல் விழுந்ததுபோல் இருந்திருக்கும். அதன் பிறகு வரும் விசாரணையும் இந்தத் தொடரின் பழைய தரத்தில் இல்லை. இரண்டாவது சீசனில் கீலி ஹாஸ், நான்காவதில் தாண்டிவே நியூட்டன், ஐந்தாவதில் ஹேஸ்டிங்ஸையே உட்காரவைத்து அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் குடைந்தெடுத்த அந்த விசாரணை, இவையெல்லாம் மேஜை, நாற்காலி, நீளமாக ஒலிக்கும் அந்த ரெக்கார்டர் சத்தம், இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்காரவைத்தன. பக்கிள்ஸிடம் அந்த மல்லுக்கட்டு கிடையாது. எதிராளிக்குப் பலம் இல்லாத சடுகுடு யாருக்குப் பிடிக்கும்? அது கதைக்கு நியாயம்தான், ஆனால் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நியாயம் இல்லை.

யார் செய்தது என்ற கேள்வியே ரசிகர்களை எவ்வளவு பிடித்து ஆட்டுகிறது என்பதற்கு இன்னொரு உதாரணம், 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அடோலசன்ஸ்’. நான்கே எபிசோடு, ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பதிமூன்று வயதுப் பையனைக் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்கிறார்கள். முதல் எபிசோடு முடிவதற்குள் சிசிடிவி காட்சியைப் போட்டே காட்டிவிடுகிறார்கள், அவன்தான் செய்தான். மீதி மூன்றும் ஏன் என்பதைப் பற்றி. என் மைத்துனர் மூன்றாவது எபிசோடு பார்க்கும் வரை ‘அந்த நண்பன்மேல்தான் சந்தேகம், வீடியோவில் ஏதோ இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்த பிறகும்! இத்தனை வருடத் தொடர்கள் நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பையனின் அப்பாவாக நடித்த ஸ்டீஃபன் கிரஹாம்தான் லைன் ஆஃப் டியூட்டி ஐந்தாவது சீசனில் ஜான் கார்பெட், அவருக்குக் கழுத்தறுபட்ட அந்த எபிசோடு இன்றைக்கும் என்னால் முழுசாகப் பார்க்க முடியாது.

மொத்த எபிசோடுகளையும் ஒரே நாளில் இறக்கிவிடும் தளங்களில் இந்த வாராந்திரக் கூத்து நடக்க வழியில்லை. தமிழில் வந்த ‘சுழல்’ 2022 ஜூனில் எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பித்து ஞாயிறு காலைக்குள் முடித்துவிட்டு வந்த நண்பர்கள், பாதியில் இருந்த என்னிடம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மயானக் கொள்ளைத் திருவிழாவையும் விசாரணையையும் அவ்வளவு அழகாகப் பின்னிய கதை, வாரம் ஒன்றாக வந்திருந்தால் நம் ஆட்கள் எட்டு வாரம் டீக்கடையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஏழு நாள் கிடைத்திருக்கும். அதே சமயம் ஏழு நாள் கிடைத்தால் எதிர்பார்ப்பும் ஊதிப் பெருத்துவிடும், லைன் ஆஃப் டியூட்டிக்கு நடந்தது அதுதான். நீங்கள் இரண்டு வாரத்தில் பார்த்தும் உங்களுக்குச் சப்பென்று ஆனது என்றால், குற்றத்தை முழுக்க எங்கள் ஊகங்களின் தலையில் கட்ட முடியாது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

புதிய சீசன் ஒன்று வரப்போகிறது என்று பிபிசி அறிவித்திருக்கிறது, ஸ்டீவ், கேட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் உண்டு. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டுமா என்றால், வேண்டாம். முதல் சீசனை முழுசாகப் பாருங்கள், ஆஸ்போர்னையும் பக்கிள்ஸையும் மட்டும் கவனித்துக்கொண்டு. மூன்றாவது சீசனின் கடைசி இரண்டு எபிசோடு, இந்தத் தொடர் எட்டிய உச்சம் அதுதான். நான்காவதை விட்டுவிடலாம், தாண்டிவே நியூட்டனுக்காக வேண்டுமானால் விசாரணைக் காட்சிகளை மட்டும். ஐந்தாவதில் அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் நடித்த கார்மைக்கேல் வரும் பகுதி கட்டாயம். அப்புறம் ஆறாவதில் அந்தச் சிறை அறைக் காட்சியைப் போட்டு, லேக்வெல்லைப் பார்க்காமல் பக்கிள்ஸின் முகத்தை மட்டும் பாருங்கள். பக்கிள்ஸாக நடித்த நைஜல் பாயில் அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அது பயமா, நடிப்பா என்று எங்கள் குழுவில் இன்னும் சண்டை முடியவில்லை.